எக்ஸ்பிக்கும் விண்டோஸ் 11-க்கும் பேச்சுவார்த்தை இல்லை: அச்சகத்தில் கோப்புப் பகிர்வு நின்றுவிட்டது

சுல்தான்பேட்டை அச்சு | வியாழன், இரவு 9.40

வணக்கம். பெங்களூரு சுல்தான்பேட்டையில் அப்பா காலத்திலிருந்து திருமண அழைப்பிதழ் அச்சகம் நடத்துகிறோம். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் அடிக்கிறோம். கடையில் மூன்று கணினிகள்.

முதலாவது விண்டோஸ் எக்ஸ்பி ப்ரொஃபெஷனல். பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கரும் ஸ்டிக்கர் வெட்டும் பிளாட்டரும் இதில்தான். பிளாட்டரின் மென்பொருள், பழைய பிரிண்டர் போர்ட்டில் டாங்கிள் என்ற உரிமச் சாவியைச் செருகினால்தான் திறக்கும். புதிய கணினிகளில் அந்தப் போர்ட்டே இல்லை. இரண்டாவது, பில் போடும் விண்டோஸ் 7. மூன்றாவது, வடிவமைப்பாளருக்காகப் போன வாரம் வாங்கிய விண்டோஸ் 11 ப்ரோ, 24எச்2 பதிப்பு.

பழைய இரண்டும் பல வருடங்களாக ஒன்றின் கோப்புறையை ஒன்று திறந்துகொண்டிருந்தன. புதியது வந்ததும் வீட்டுக்கு வந்த மருமகள் யாரோடும் பேசாத கதையாகிவிட்டது. எக்ஸ்பியையும் திறக்கவில்லை, 7-ஐயும் திறக்கவில்லை. கோபத்தில் மூன்றிலும் ஃபயர்வாலை அணைத்தேன், கோப்புறைகளில் எல்லோருக்கும் முழு அனுமதி கொடுத்தேன், 7-இல் கடவுச்சொல் பாதுகாப்பையும் எடுத்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

நான்கு நாளாகப் பென் டிரைவில்தான் பிழைப்பு. நேற்று அதிலும் அடி. மாப்பிள்ளையின் தகப்பனார் பெயரைத் திருத்திய கோப்பு இருக்க, திருத்தாத கோப்பைப் பையன் எடுத்துவந்துவிட்டான். 300 அழைப்பிதழ் வீண். எக்ஸ்பியில் தேதிவாரியாக அடுக்கினால் புதிய கோப்பு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அது அந்தக் கணினியின் பழைய குணம். எனக்குத் தெரியும், பையனுக்குத் தெரியாது.

ஆவணி முகூர்த்தங்கள் தலைக்கு மேல் நிற்கின்றன. யாராவது வழி சொல்லுங்கள்.

மின்னல் வேகம் | வியாழன், இரவு 10.05

ஐந்து நிமிட வேலை, சார். விண்டோஸ் 11-இல் கண்ட்ரோல் பேனலுக்குள் விண்டோஸ் அம்சங்களைச் சேர்க்கும், நீக்கும் பட்டியல் இருக்கும். அதில் எஸ்.எம்.பி. 1.0 (பழைய கோப்புப் பகிர்வு நெறிமுறை) என்ற பெட்டியில் டிக் போட்டு, கணினியை அணைத்து ஏற்றுங்கள். எக்ஸ்பி திறந்துவிடும். எங்கள் கடையில் இப்படித்தான் ஓடுகிறது.

பூட்டும் சாவியும் | வியாழன், இரவு 10.31

அந்தப் பெட்டியைத் தொடாதீர்கள். 2017 மே 12 அன்று, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை என்ற தீநிரல் உலகத்தையே உலுக்கியது நினைவிருக்கிறதா? பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் சிகிச்சைகளைத் தள்ளிப்போட்டார்கள். அது கணினிக்குக் கணினி தாவியது எஸ்.எம்.பி. 1-இல் இருந்த ஓட்டை வழியாகத்தான். மைக்ரோசாஃப்ட் அதற்கான திருத்தத்தை அந்த ஆண்டு மார்ச்சிலேயே கொடுத்திருந்தது, போடாதவர்கள் மாட்டினார்கள். ஆதரவு முடிந்து மூன்று வருடமான எக்ஸ்பிக்குக்கூட விதிவிலக்காக ஒரு திருத்தம் வெளியிட்டார்கள், கே.பி. 4012598. உங்கள் எக்ஸ்பியில் அது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அந்த நெறிமுறையைக் கைவிடச் சொல்லி, அதைக் கவனித்துவந்த மைக்ரோசாஃப்ட்டின் நெட் பைல் 2016-லேயே எழுதிவிட்டார். கடையில் இருப்பதிலேயே நல்ல பூட்டுள்ள கணினி புதியதுதான். அதன் பூட்டை ஏன் உடைக்க வேண்டும்?

மின்னல் வேகம் | வியாழன், இரவு 10.38

அவர் அழைப்பிதழ் அடிக்கிறார், அணுகுண்டு செய்யவில்லை.

பூட்டும் சாவியும் | வியாழன், இரவு 10.44

கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்பவனுக்கு அழைப்பிதழும் ஒன்றுதான். முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்பு பூட்டினால் கேட்ட பணத்தைக் கொடுத்துவிட்டு வருவார்.

வலை வாத்தியார் | வெள்ளி, காலை 6.15

ஜாலஹள்ளிப் பக்கம் ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் கணினி வலைப்பின்னலைக் கவனித்து ஓய்வு பெற்றவன். இரவுச் சண்டையைக் காலையில்தான் படித்தேன்.

அச்சு ஐயா, ஒரே நாளில் நான்கைந்து இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். இனி ஒன்று சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. எனவே முதல் வேலை, ஃபயர்வாலை மூன்றிலும் மறுபடி போடுங்கள். 7-இல் எடுத்த கடவுச்சொல் பாதுகாப்பையும் திரும்ப வையுங்கள். பிறகு இரண்டே இரண்டு விவரம் வேண்டும்.

ஒவ்வொரு கணினியின் ஐ.பி. முகவரி என்ன? புதிய கணினியிலிருந்து மற்ற இரண்டையும் திறக்கும்போது வரும் செய்தியும் பிழை எண்ணும் என்ன? "திறக்கவில்லை" என்பது நோயாளி "உடம்பு சரியில்லை" என்பது போல. எங்கே வலி என்று சொன்னால்தான் வைத்தியம்.

சுல்தான்பேட்டை அச்சு | வெள்ளி, காலை 11.20

சொன்னபடி ஃபயர்வாலைப் போட்டுவிட்டேன். எக்ஸ்பி 192.168.0.11, விண்டோஸ் 7 192.168.0.12. புதியது மட்டும் 192.168.1.34. பழையவை இரண்டையும் திறந்தால் ஒரே பிழை: 0எக்ஸ்80070035, வலைப்பாதை கிடைக்கவில்லை.

வலை வாத்தியார் | வெள்ளி, காலை 11.52

மூன்றாவது எண்ணைப் பாருங்கள். பழையவை 0, புதியது 1. இவை வேறு வேறு தெருவில் இருக்கின்றன. இணையம் கொடுப்பவர் வைத்த பெட்டி ஒன்று, நீங்கள் முன்பே வாங்கிவைத்த ரவுட்டர் ஒன்று, ஆக இரண்டு ரவுட்டர் கடையில் இருக்க வேண்டும். புதியது வைஃபை மூலம் முதல் பெட்டியோடு சேர்ந்திருக்கும். பழையவை உங்கள் ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும். உள்ளே இருப்பவர் வெளியே போகலாம். வெளியே இருப்பவர் உள்ளே வர அந்த ரவுட்டர் விடாது. இந்த நிலையில் எஸ்.எம்.பி. 1-ஐப் போட்டிருந்தாலும் எக்ஸ்பி திறந்திருக்காது, மின்னல் தம்பி.

புதிய கணினிக்கு ஒரு கேபிள் இழுத்து, பழையவற்றின் வலைக் கேபிள்கள் செருகியிருக்கும் அதே ஸ்விட்ச் பெட்டியில் செருகுங்கள். வைஃபையை அணைத்துவிடுங்கள். அது 192.168.0 என்று தொடங்கும் முகவரி வாங்கியதும் அந்த இணைப்பைப் பொது வலை என்பதிலிருந்து தனியார் வலை என்று மாற்றுங்கள். பொது என்று இருந்தால் விண்டோஸ் தன்னை மற்றவர் கண்ணில் காட்டாது.

சுல்தான்பேட்டை அச்சு | வெள்ளி, மாலை 4.10

ஐயா சொன்னது அப்படியே சரி. அலமாரிக்கு மேல் அந்த இரண்டாவது பெட்டி இருப்பதையே மறந்திருந்தேன். கேபிள் போட்டதும் புதியதற்கு 192.168.0.15 கிடைத்தது. இன்னும் எதுவும் திறக்கவில்லை. ஆனால் இப்போது ஒவ்வொன்றும் ஒவ்வொரு காரணம் சொல்கிறது. எக்ஸ்பியைத் தொட்டால், அந்தப் பகிர்வு பாதுகாப்பற்றது, வழக்கொழிந்த எஸ்.எம்.பி. 1 கேட்கிறது என்கிறது. 7-ஐத் தொட்டால், என் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை அடையாளம் காட்டாத விருந்தினரைத் தடுக்கிறது என்கிறது. என் நிறுவனம் என்றால் நான்தானே? நான் எந்தக் கொள்கையும் வகுக்கவில்லையே!

வலை வாத்தியார் | வெள்ளி, மாலை 5.30

செய்தி மாறியது நல்ல செய்தி. "ஆளே இல்லை" என்ற இடத்தில் இப்போது "ஆள் இருக்கிறார், உள்ளே விடமாட்டேன்" என்கிறது.

கோப்புப் பகிர்வுக்கு விண்டோஸ் பேசும் மொழி எஸ்.எம்.பி. 1980களில் ஐ.பி.எம்.மில் பாரி ஃபைகன்பாம் உருவாக்கியது. எக்ஸ்பிக்குத் தெரிந்தது அதன் முதல் வடிவம் மட்டுமே. விஸ்டாவில் இரண்டாம் வடிவம் வந்தது. 7 பேசுவது 2.1; முதல் வடிவமும் அதற்குத் தெரியும். விண்டோஸ் 8-இலிருந்து மூன்றாம் வடிவம். 2017-இன் இறுதியில் வந்த விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவும் கணினிகளில் முதல் வடிவத்தை வைப்பதையே நிறுத்திவிட்டார்கள். ஆகவே உங்கள் எக்ஸ்பிக்கும் 11-க்கும் பொது மொழியே கிடையாது. ஆனால் 7-க்கு இருவர் மொழியும் தெரியும்.

7 ஏன் மறுக்கப்படுகிறது என்பது வேறு கதை. 24எச்2-இல் இரண்டு விஷயம் இறுகின. பெயர் சொல்லாத விருந்தினராக ஒரு பகிர்வுக்குள் நுழைவதை ப்ரோ பதிப்பிலும் மூடிவிட்டார்கள். போகிற வருகிற ஒவ்வொரு தகவல் பொட்டலத்திலும் கையொப்பம் வேண்டும் என்பதும் இயல்பாகிவிட்டது. விருந்தினரிடம் கடவுச்சொல் இல்லை, அதனால் கையொப்பமிடச் சாவியும் இல்லை. நிறுவனம், கொள்கை என்பதெல்லாம் அந்தச் செய்தியை எழுதியவரின் அலுவலகப் பாஷை. பெட்டிக்கடைக் கணினியிலும் அதையே சொல்லும்.

7-இல் புதிதாக ஒரு பயனர் கணக்கு தொடங்கி, காலியில்லாத ஒரு கடவுச்சொல் கொடுங்கள். ஒரே ஒரு கோப்புறையை அந்தக் கணக்குக்கு மட்டும் பகிருங்கள். எல்லோருக்கும் முழு அனுமதி கொடுத்ததையெல்லாம் எடுத்துவிடுங்கள்.

ராஜாஜிநகர் தணிக்கை | வெள்ளி, இரவு 8.02

எங்கள் தணிக்கை அலுவலகத்தில் இதே தொல்லையில் இரண்டு நாள் போனதால் ஒன்று சொல்கிறேன், அண்ணா. விண்டோஸ் 11 கேட்கும் பெட்டியில் தினமும் காலையில் போடும் பின் எண்ணைப் போடாதீர்கள். பின் எண் அந்தக் கணினியை விட்டு வெளியே செல்லாது. மற்றக் கணினியில் உள்ள கணக்கின் பெயரும் கடவுச்சொல்லும்தான் வேண்டும். கணக்கின் பெயருக்கு முன்னால் அந்தக் கணினியின் பெயரையும் ஒரு பின்சாய்கோட்டையும் சேர்த்து எழுதினால் குழப்பமே இல்லை. நான் மைக்ரோசாஃப்ட் கணக்கின் மின்னஞ்சலைப் போட்டுப் போட்டு அலுத்துவிட்டேன்.

ஒரு கேள்வியும் இருக்கிறது. எங்கள் பழைய நகல் இயந்திரம் ஸ்கேன் செய்து நேராகக் கோப்புறையில் போடும். புதிய கணினிக்கு மட்டும் போட மறுக்கிறது. இதுவும் அதே நோய்தானா?

வலை வாத்தியார் | வெள்ளி, இரவு 8.40

அதே நோயாக இருக்க வாய்ப்பு அதிகம், அம்மா. அந்தக் காலத்து இயந்திரங்கள் பல முதல் வடிவம் மட்டுமே பேசும். தயாரித்தவர் புதிய ஃபர்ம்வேர் (இயந்திரத்தின் உள் மென்பொருள்) கொடுத்திருந்தால் அதைப் போடுங்கள். இல்லாவிட்டால் அதன் அமைப்புகளில் எஃப்.டி.பி. என்ற வேறு கோப்பு அனுப்பும் முறையில் அனுப்பும் வழியோ மின்னஞ்சலுக்கு அனுப்பும் வழியோ இருக்கிறதா என்று பாருங்கள்.

சுல்தான்பேட்டை அச்சு | வெள்ளி, இரவு 9.15

7 திறந்துவிட்டது! நானும் முதலில் பின் எண்ணைத்தான் போட்டேன், அக்கா சொன்னது கண்ணில் பட்டதால் தப்பித்தேன். வடிவமைப்பாளர் அவர் இடத்திலிருந்தே கோப்பை வைத்துவிட்டார். எக்ஸ்பிக்கு இனி என்ன வழி?

பெங்குவின் பித்தன் | வெள்ளி, இரவு 9.50

பரணில் பழைய லேப்டாப் இருந்தால் அதில் லினக்ஸும் சாம்பாவும் போடுங்கள். கான்பெராவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் 1992-இல் தொடங்கிய மென்பொருள். விண்டோஸ் அல்லாத கணினியையும் விண்டோஸ் மொழியில் கோப்புப் பகிர வைக்கும். இரு வடிவமும் பேசும், பாதுகாப்புத் திருத்தங்கள் இன்றும் வருகின்றன. 2019-இல் வந்த 4.11 பதிப்பிலிருந்து முதல் வடிவம் இயல்பாக மூடியிருக்கும். குறைந்தபட்ச நெறிமுறை என்ற ஒரே வரியை மாற்றினால் எக்ஸ்பிக்குக் கதவு திறக்கும். 7-க்கு ஆதரவு 2020 ஜனவரி 14-உடன் முடிந்துவிட்டது. செத்தவரைச் செத்தவருக்குக் காவல் வைக்காதீர்கள்.

வலை வாத்தியார் | சனி, காலை 6.05

பித்தன் சொல்வது நியாயம். ஆனால் முகூர்த்த வாரத்தில் புதிய இயங்குதளம் கற்க ஐயாவுக்கு நேரம் ஏது? இப்போதைக்கு 7 நடுவில் இருக்கட்டும், திண்ணை மாதிரி. உள்வீட்டுக்காரர் இந்தப் பக்கமிருந்து வைப்பார், வெளியாள் அந்தப் பக்கமிருந்து எடுப்பார். ஒருவர் வீட்டுக்குள் மற்றவர் போக வேண்டாம். எக்ஸ்பி எதையும் பகிர வேண்டியதில்லை. அதன் பகிர்வுகளை எடுத்துவிடுங்கள். 7-இல் உள்ள அந்த ஒரு கோப்புறையை அது திறந்தால் போதும்.

எக்ஸ்பியிலும் 7-இலும் ஐ.பி. முகவரியைக் கையால் எழுதுங்கள். இயல்பான கேட்வே என்ற கட்டத்தை மட்டும் காலியாக விடுங்கள். கடைக்குள் பேசும், இணையத்துக்குப் போகாது. பில் போட இணையம் தேவையா?

சுல்தான்பேட்டை அச்சு | சனி, காலை 9.30

தேவையில்லை. பில்லை 7-இல் போட்டாலும் வரிக்கணக்கைப் புதிய கணினியில்தான் ஏற்றப்போகிறோம்.

பூட்டும் சாவியும் | சனி, காலை 10.10

இந்த ஏற்பாட்டை ஏற்கிறேன், ஒரு நிபந்தனையுடன். கடவுச்சொல் தெரியும் என்று நிரூபிக்க எக்ஸ்பி இயல்பாக அனுப்பும் எல்.எம்., என்.டி.எல்.எம். முதல் வடிவ விடைகள் மிகப் பலவீனமானவை. வலையில் ஒட்டுக்கேட்பவர் கடவுச்சொல்லைப் பெயர்த்துவிடலாம். இரண்டு கணினியிலும் லோக்கல் செக்யூரிட்டி பாலிசியைத் திறந்து லான் மேனேஜர் அடையாளச் சோதனையின் நிலையைப் பாருங்கள். எக்ஸ்பி என்.டி.எல்.எம். 2 மட்டும் அனுப்பட்டும். 7 மற்ற இரண்டையும் மறுக்கட்டும். வாரம் ஒருமுறை திண்ணைக் கோப்புறையை ஒரு வெளி டிஸ்க்கில் நகலெடுத்து, டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள்.

சுல்தான்பேட்டை அச்சு | சனி, மதியம் 1.45

பூட்டு ஐயா சொன்னதைச் செய்தேன். எக்ஸ்பி 7-ஐக் கண்டுபிடிக்கிறது, பெயரும் கடவுச்சொல்லும் கேட்கிறது, கொடுத்தால் மறுபடியும் அதே பெட்டி. இருபது தடவையாவது அடித்திருப்பேன். அதே பெயர், அதே கடவுச்சொல் புதிய கணினியில் உடனே திறக்கிறது. பையனையும் அடிக்கச் சொன்னேன். பலனில்லை.

மின்னல் வேகம் | சனி, மதியம் 1.58

பூட்டு மேல் பூட்டு போட்டால் சொந்தக்காரரே வெளியே நிற்க வேண்டியதுதான். சோதனை நிலையைப் பழையபடி வையுங்கள், திறந்துவிடும்.

பூட்டும் சாவியும் | சனி, மதியம் 2.20

திறக்கும்தான். ஆனால் என்.டி.எல்.எம். 2 எக்ஸ்பிக்குத் தெரிந்த ஒன்று, வேலை செய்ய வேண்டும். ஏன் செய்யவில்லை என்று எனக்குப் பிடிபடவில்லை.

வலை வாத்தியார் | சனி, மாலை 3.35

அச்சு ஐயா, முதல் பதிவை மறுபடி படித்தேன். எக்ஸ்பியில் புதிய கோப்பு அடியில் போய் உட்காரும், அது பழைய குணம் என்றீர்கள். கணினிக்குக் குணம் கிடையாது. எக்ஸ்பியின் வலது மூலையில் கடிகாரத்தின் மேல் சுட்டியை வைத்து, இன்று என்ன தேதி என்று சொல்கிறது பாருங்கள்.

சுல்தான்பேட்டை அச்சு | சனி, மாலை 3.50

2004 ஜனவரி 1.

வலை வாத்தியார் | சனி, மாலை 4.05

காலையில் போடும்போது கறுப்புத் திரையில் எஃப்1 அழுத்தச் சொல்லுமே?

சுல்தான்பேட்டை அச்சு | சனி, மாலை 4.08

சொல்லும். வருடக்கணக்கில் அழுத்துகிறோம். ஊதுபத்தி, எஃப்1, பிறகுதான் வேலை.

வலை வாத்தியார் | சனி, மாலை 4.30

மதர்போர்டில் ரூபாய் நாணயம் போல ஒரு பேட்டரி இருக்கும், சி.ஆர். 2032. அது தீர்ந்துவிட்டது. இரவில் மெயின் சுவிட்சை அணைக்கிறீர்கள், கணினி நேரத்தை மறந்துவிடுகிறது, காலையில் 2004-இல் விழிக்கிறது.

என்.டி.எல்.எம். 2-இல் விடையோடு நேரமும் சேர்ந்து போகும். இரு கணினிகளின் கடிகாரமும் பெரிய வித்தியாசம் இல்லாமல் ஒத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால், காலாவதியான விடை என்று மறுபக்கம் தள்ளிவிடலாம். கடவுச்சொல் சரி, வருடம்தான் தப்பு. பழைய முறையில் நேரம் பார்ப்பதில்லை, அதனால்தான் இத்தனை நாள் தெரியவில்லை. மின்னல் தம்பி சொன்னபடி பின்வாங்கியிருந்தால் இனியும் தெரிந்திருக்காது.

ராஜாஜிநகர் தணிக்கை | சனி, மாலை 4.41

இணையத்திலிருந்து நேரத்தை எக்ஸ்பி தானே எடுத்துக்கொள்ளாதா?

வலை வாத்தியார் | சனி, மாலை 4.55

எடுக்கும், தேதி ஒத்திருந்தால். தேதியே தவறாக இருந்தால், பாதுகாப்புக்காக ஒத்திசைக்க மாட்டேன் என்று மறுத்துவிடும். இப்போது கேட்வேயும் இல்லை. பேட்டரிதான் மருந்து. மாற்றியதும் பயாஸில் (விண்டோஸ் ஏறுவதற்கு முன் வரும் அமைப்புத் திரை) தேதியும் நேரமும் சரிசெய்யுங்கள்.

சுல்தான்பேட்டை அச்சு | ஞாயிறு, மதியம் 12.20

எஸ்.பி. ரோட்டுக்குப் பையனை நேற்று மாலையே அனுப்பினேன். பேட்டரியை மாற்றித் தேதியைத் திருத்தினேன். பெயரும் கடவுச்சொல்லும் ஒரு தடவைதான் கேட்டது. திறந்துவிட்டது. பூட்டு ஐயா போட்ட பூட்டு எதையும் எடுக்கவில்லை. கே.பி. 4012598 எக்ஸ்பியில் இல்லை. புதிய கணினியில் மைக்ரோசாஃப்ட்டின் தளத்திலிருந்து இறக்கித் திண்ணை வழியாகவே கொண்டுபோய்ப் போட்டேன்.

ஒரு சின்னக் குறை. வடிவமைப்பாளர் கோப்புக்குத் தமிழில் பெயர் வைத்தால் எக்ஸ்பியில் கட்டம் கட்டமாகத் தெரிகிறது.

பெங்குவின் பித்தன் | ஞாயிறு, மதியம் 12.45

எக்ஸ்பியில் மண்டல, மொழி அமைப்புகளுக்குள் சிக்கலான எழுத்துமுறைகளுக்கான கோப்புகளை நிறுவும் பெட்டி இருக்கும். டிக் போட்டால் லதா எழுத்துரு வரும், பெயர் தெரியும். நிறுவும்போது எக்ஸ்பியின் சிடியைக் கேட்கலாம். ஆனால் பேஜ்மேக்கர் யூனிகோடு காலத்துக்கு முந்தையது. தமிழ்ப் பெயருள்ள கோப்பைத் திறக்கும்போது முரண்டு பிடிக்கலாம். கோப்புப் பெயரை ஆங்கில எழுத்தில் வைப்பதே மேல்.

வலை வாத்தியார் | ஞாயிறு, மதியம் 1.10

பெயரின் முன்னால் வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் தேதியையும் எண்ணில் எழுதச் சொல்லுங்கள். எக்ஸ்பியில் ஏற்கெனவே இருக்கும் கோப்புகளில் பாதி 2004 என்றே காட்டும், அது இனி மாறாது. பெயர்வாரியாக அடுக்கினால் பையன் ஏமாறமாட்டான்.

சுல்தான்பேட்டை அச்சு | ஞாயிறு, மதியம் 1.32

ஐயா, இப்போதுதான் உறைக்கிறது. அந்தத் திருத்திய கோப்பும் 2004 ஜனவரி 1 என்றே அடியில் கிடந்திருக்கிறது. பையனைக் கடைக்கு நடுவில் நிற்கவைத்துத் திட்டினேன். அவன் மேலே இருந்ததை எடுத்தான், அவ்வளவுதான்.

அவனிடம் சொல்லிவிட்டேன். பழைய பேட்டரியைக் கேட்டு வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். லினக்ஸ் வேலையைப் புரட்டாசியில், முகூர்த்தம் இல்லாத மாதத்தில் வைத்துக்கொள்வோம், பித்தன் சார். பரணில் லேப்டாப் இருக்கிறது.